ராஜாத்திக்கு ஒரு பெஞ்சு

மேலக்கரைப்பட்டி ஒச்சாண்டிக்கு உலகத்தில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பலசரக்குக் கடையில் உப்பு வாங்கினாலும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் துண்டில் முடிவான். தொழில் மாட்டுத் தரகு. மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, விற்க வந்தவன் சிரித்தால் அவன் பல்லையும் ஒரு பார்வை பார்த்து வைப்பான். பிறவியிலேயே அவன் இப்படி இல்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் கதைக்குள் போனால் அவனைக் கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் பங்குனிக் கடைசியில் அவனுக்கு ஒரு காகிதம் வந்தது. வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. ஊரில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார் நல்லகண்ணு. அவர் அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீரபாண்டி கோயில்ல திருவிழாவுக்குக் கம்பம் நடுறாகளாம்ப்பா. குடும்பத்தோட வரச்சொல்லி ஒனக்குத் தனியாப் பத்திரிகை வச்சிருக்காக," என்றார். ஒச்சாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சொன்ன தேதியில் மனைவி சுப்புத்தாயையும் கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீரபாண்டிக்குப் போனான். ஆற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு குடம் சுமந்து, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். அதே நேரத்தில் பெரியகுளம் முன்சீப் கோர்ட்டில் சேவகன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வராதவனுக்கு எதிராகத் தீர்ப்பாகி, வாய்க்கால் ஓரத்து நஞ்சை பங்காளியிடம் போய்விட்டது. அந்தப் பங்காளிக்கு நல்லகண்ணு வாத்தியார் சொந்த மச்சினன் என்பது ஒச்சாண்டிக்கு அதற்கு முன்பும் தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். தன் ரத்தத்தில் ஒருத்தருக்காவது எழுத்து தெரிய வேண்டும். இருப்பது ஒரே மகள், ராஜாத்தி. அவள்தான் படிக்க வேண்டும். ஆனால் நல்லகண்ணுவிடம் அனுப்பக் கூடாது. "அந்தாளு சொல்லிக்குடுத்தா, கோர்ட்டுன்னு எழுதியிருக்கிறத கோயிலுன்னு படிக்கத்தான் எம்புள்ள கத்துக்கும்" என்பான். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ராஜாத்திக்கு ஆறு வயதானதும் தேனியில் இருந்த தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்று ஆயிற்று.

தேனி பஜாரில் ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில் இருந்தது இம்பீரியல் இங்கிலீஷ் வித்யாசாலை. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலம். இரண்டு பக்கமும் பக்கத்துக் கடைகளின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளியை ஆரம்பித்தவர் வைகுண்டராஜ். அதன் பிறகு அவரை யாராவது முதலாளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். கரஸ்பாண்டென்ட் என்றால்தான் பார்ப்பார். தேனி வட்டாரத்தில் அந்தப் பள்ளிக்கு இருந்த மதிப்பு சொல்லி முடியாது. 'அங்கன எடமே கெடைக்காதாம்ல' என்று போடியிலிருந்து கூடலூர் வரை பேசிக்கொண்டார்கள். கிடைத்தவர்கள் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மாடிப்படி முடிவில் தலைமையாசிரியர் ஜேசுராஜ் நின்றிருந்தார். கோட்டு, டை, முழங்கால்வரை சாக்ஸ். அந்த வெயிலில் அவரைப் பார்த்தாலே நமக்கு வியர்க்கும். ஒச்சாண்டி கும்பிடுவதற்குள் அவர் வலதுகையை முன்னால் நீட்டிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அதுதான் விலை. சுற்றி நிற்பவர்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார்கள். வாலிப வயதிலிருந்து அந்தத் துண்டுக்குள்ளேயே வாழ்ந்தவன் ஒச்சாண்டி. அவன் கையை ஒருவர் பிடித்தால் அதற்கு ஒரு தொகை இருந்தே ஆக வேண்டும்.

ஜேசுராஜ் கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற நாலு விரலால் அவன் கையை லேசாக அழுத்தி விட்டார். ஒச்சாண்டி விரல்களை எண்ணிக்கொண்டான். நாலு. மனிதர் ஆரம்பத்திலேயே விலை சொல்லிவிட்டார். அதுவும் துண்டு போடாமல், பட்டப்பகலில்.

"மிஸ்டர் ஒச்சாண்டி," என்றார் ஜேசுராஜ், "எங்கள் பள்ளியில் இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதிலும் இடம் இல்லை. அந்தப் பட்டியலில் சேர்வதற்குக் காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டு. பேட்டியில் தேறினால் அதில் சேர்க்கலாம்."

"புள்ளைக்கு இன்னும் எதுவும் தெரியாதுங்களே அய்யா."

"பேட்டி பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. உங்கள் குடும்பத்தில் இதுவரை அதிக காலம் காத்திருந்தது எதற்கு?"

ஒச்சாண்டி சந்தேகத்தோடு யோசித்தான். "மழைக்குங்க."

"வந்ததா?"

"இல்லீங்க."

"பேஷ்! அப்புறமும் காத்திருந்தீர்களா?"

"வேற என்னங்க செய்ய?"

"எக்ஸலண்ட்!" ஜேசுராஜின் கண்கள் பனித்தன. "பிற பள்ளிகளில் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாங்கள் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறோம். படித்தவனுக்கு இந்தக் காலத்தில் என்ன வேலை? வேலைக்காகக் காத்திருப்பதுதானே? அதற்கான பயிற்சியை ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகிறோம். நீங்கள் பாஸ்."

வழியனுப்பும்போது மறுபடியும் கையை நீட்டினார். மறுபடியும் நாலு விரல். விலையில் இம்மியும் குறையவில்லை.

அன்று இரவு ஒச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "நாலுன்னு புடிச்சாக. நாலு என்னன்னு சொல்லல."

"அது மருவாதிக்குப் புடிச்சதா இருக்கும்ங்க," என்றாள் சுப்புத்தாய். "வெள்ளக்காரன் பழக்கமாம்."

"வெள்ளக்காரன் எவனுக்காவது சும்மா கையக் குடுத்திருக்கானா?"

ஒச்சாண்டி இரண்டு நாள் யோசித்தான். காசு என்றால் ஆபீசில் வாயாலேயே கேட்டிருப்பார்கள்; ரகசியமாக விரலைப் பிடித்ததால் இது காசு இல்லை, பொருள். வைகுண்டராஜ் வீட்டுக் கொல்லையில் பசுக்கள் நிற்பதை அவன் பார்த்திருந்தான். சேர்த்துப் பார்த்தான். மறுநாள் காலையில் இம்பீரியல் இங்கிலீஷ் வித்யாசாலையின் வாசலில் நாலு வண்டி வைக்கோல் வந்து நின்றது.

ஜேசுராஜ் ஒரு நிமிஷம்தான் திகைத்தார். கல்விக்கூடங்கள் வருவதை மறுப்பதில்லை. "இயற்கையோடு இயைந்த கல்விக்கு உங்கள் பங்களிப்பு இது," என்று படியில் நின்றே ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, வண்டிகளைக் கரஸ்பாண்டென்ட் வீட்டுக் கொல்லைக்குத் திருப்பிவிட்டார். அன்றைக்கே ராஜாத்தி, காத்திருப்போர் பட்டியலுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து காத்திருப்போர் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டாள். ஒச்சாண்டி கிணற்றடியில் சுப்புத்தாயிடம், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

பட்டியலில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு. வகுப்பு என்றால் மாடியில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, பஜாரில், சந்தைக்கு வரும் சனம் முழுக்கப் பார்க்கும்படியான இடத்தில். குதிகாலை ஒட்டி வைக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்ட வேண்டும். முகவாய் நிமிர்ந்திருக்க வேண்டும். பார்வை மாடியில் சாத்தியிருக்கும் கதவின் மேல் இருக்க வேண்டும். ஈ மூக்கில் உட்கார்ந்தால் விரட்டக்கூடாது. அது இரண்டாம் பாடம். வெயிலில் கண் கூசக்கூடாது; அது மூன்றாம் பாடம். ஜேசுராஜ் கையில் பிரம்போடு வரிசை நெடுக நடந்து, "பொறுமை, சில்ரன், பொறுமை!" என்று பொறுமையில்லாமல் கத்துவார்.

சந்தைக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "யாத்தே, இம்புட்டுப் புள்ளைக வெளிய நிக்குதுன்னா, உள்ள எம்புட்டு இருக்கும்!" என்று வாயைப் பிளந்துவிட்டு, தங்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்து வரிசைக் கடைசியில் விடுவார்கள். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். வரிசை வளர்ந்து, ஜவுளிக் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, முக்கு திரும்பியது.

ராஜாத்தி நன்றாக நின்றாள். மற்ற பிள்ளைகள் அழுதன, மூத்திரத்துக்குப் போகக் கேட்டன, மயங்கி விழுந்தன. அவள் அசையமாட்டாள். மாட்டுச் சந்தையில் அப்பனுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்று பழகியவள். ஆனால் வீட்டுக்கு வந்தால் கேட்பாள்: "எப்பப்பா எழுத்து சொல்லித் தருவாக?"

"உள்ள போனதும் ஆத்தா."

"எப்பப்பா உள்ள விடுவாக?"

ஒச்சாண்டிக்கும் அதே கேள்விதான். ஒரு சனிக்கிழமை அவன் ஜேசுராஜைப் பார்க்கப் போனான். அப்போது அவருக்கு நடுவிரலில் நகச்சுத்தி. மோதிர விரலையும் சேர்த்துப் பெரிய கட்டு. அந்த இரண்டு விரலையும் மடக்க முடியாமல், ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் மட்டும் வைத்துக் கைகுலுக்கினார். ஒச்சாண்டிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. விலை நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது! படி இறங்கும்போதுதான் சந்தேகம் வந்தது. இரண்டு என்ன? வைக்கோல் ஏற்கெனவே போயாயிற்று. அடுத்த வாரம் இரண்டு கொழுத்த கிடாய்களை ஓட்டிவந்து மாடிப்படியில் கட்டினான். "ஜீவகாருண்யப் பாடத்துக்கு மிகவும் பொருத்தம்," என்றார் ஜேசுராஜ். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் கிடாய்களை யாரும் பார்க்கவில்லை.

பள்ளியைக் கூட்டிப் பெருக்க மாயக்காள் என்று ஒருத்தி இருந்தாள். வெற்றிலை போட்ட வாயும் வெளிப்படையான பேச்சும். ஒருநாள் படிக்கட்டில் ஒச்சாண்டியைப் பார்த்து, "ஏப்பா, எதுக்கு இப்பிடி அலையிற? மேல புள்ளையும் இல்ல, வாத்தியும் இல்ல. பெஞ்சுக்கெல்லாம் துணி போத்தி வச்சிருக்காக. எனக்குப் பெருக்கக்கூட ஒண்ணுமில்ல," என்றாள்.

ஒச்சாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். இத்தனை உண்மையை ஒருத்தி சும்மா சொல்வாளா? யாரோ சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் ராஜாத்திக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் தகப்பனாகத்தான் இருக்கும். தன்னை மனசு உடைத்து விரட்டிவிட்டால் அவன் பிள்ளை முன்னால் வந்துவிடுமே. "நீ யாருகிட்டக் கையேந்துனன்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மாயக்காள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, துணி போர்த்திய பெஞ்சில் படுத்துத் தூங்கப் போனாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனிடம் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். சந்தேகப்படுகிறவனிடம் இதுதான் கஷ்டம். பொய் சொல்கிறவன் கொஞ்சம் ஜோடித்துச் சொல்வதால் நம்பிவிடுவான். உண்மை மொட்டையாக வந்து நிற்பதால் அதைத்தான் விரட்டுவான்.

மாசி மாதம் ஒரு சந்தை நாளில் வித்யாசாலையின் ஆண்டுவிழா வந்தது. பஜார் முக்கில் மேடை, தோரணம், மேளம். விழாவுக்குப் பெயர் காத்திருப்போர் தினம். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அன்று மட்டும் நிழலில் நிற்க அனுமதி. கரஸ்பாண்டென்ட் வைகுண்டராஜ் தலைப்பாகையோடு எழுந்து பேசினார்.

"மகாஜனங்களே! மதுரையிலே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் போகிறார்கள், படிக்கிறார்கள், வருகிறார்கள். அதில் என்ன பெருமை? நம் வித்யாசாலையைப் பாருங்கள். இதுவரை நம் பள்ளியில் ஒரு பிள்ளையாவது பரீட்சையில் தோற்றதுண்டா? கிடையாது!" கூட்டம் கைதட்டியது. "ஒரு பிள்ளையை வாத்தியார் அடித்தார் என்று புகார் உண்டா? கிடையாது! ஒரு பெஞ்சில் கீறல் உண்டா? ஒரு சுவரில் கிறுக்கல் உண்டா? வாங்கி வைத்த சாக்பீஸ் அப்படியே இருக்கிறது! சிலர் கேட்கிறார்கள், கதவை எப்போது திறப்பீர்கள் என்று. திறந்துவிட்டால் அப்புறம் இந்தக் கதவுக்கு என்ன மரியாதை? கம்பம் வரைக்கும் இந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறார்கள். திறந்த கதவைப் பற்றி எவன் பேசுவான்?"

கூட்டம் ஆரவாரித்தது. ஒச்சாண்டி ஆரவாரிக்கவில்லை. மாட்டை விற்க வந்தவன் இப்படித்தான் பேசுவான் என்பது அவனுக்குத் தெரியும். சுழியைச் சொல்லுவான், கொம்பைச் சொல்லுவான், பால் கறக்குமா என்று கேட்டால் மறுபடியும் சுழியைச் சொல்லுவான். கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஜேசுராஜ் வெறும் தரகர். தன்னைப் போலவே. ஒரு தரகனிடம் போய் ஒரு வருஷமாக விலை பேசியிருக்கிறோமே! மாட்டுக்காரன் அதோ மேடையில் நிற்கிறான்.

பெற்றோர் ஒவ்வொருவராக மேடையேறிக் கரஸ்பாண்டென்டுக்கு மாலை போட்டார்கள். ஒச்சாண்டியின் முறை வந்தது. மாலையை வாங்கிக்கொண்ட வைகுண்டராஜ், ஜேசுராஜிடம் புதிதாகக் கற்ற நாகரிகத்தைக் காட்ட நினைத்துக் கையை நீட்டினார். ஒச்சாண்டி அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தோளிலிருந்த துண்டை உருவி இரண்டு கைக்கும் மேலே போட்டான்.

மேளம் நின்றது. சந்தை நாள், கூட்டத்தில் பாதிப்பேர் தரகர்களும் நிலம் உழும் சம்சாரிகளும். துண்டு விழுந்தால் பேசக்கூடாது என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டியது. குழந்தை வைத்திருந்தவள் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

வைகுண்டராஜ் கையை உருவியிருக்கலாம். உருவத்தான் நினைத்தார். ஆனால் அவர் கரஸ்பாண்டென்ட் ஆனது இப்போதுதான். ஏலக்காய் வியாபாரி ஆனது அவருடைய தாத்தா காலத்தில். ஏலக்காய்க்கும் துண்டுதான். ஒச்சாண்டி ஒரு விரலைப் பிடித்ததும் அவருடைய விரல்கள் தாமாகவே மூன்றாகப் பதில் சொல்லிவிட்டன. ஒச்சாண்டி மறுத்து ஒன்றிலேயே நின்றான். அவர் மூன்றிலேயே நின்றார். முகம் மேடைக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தது. துண்டுக்குள் பேரம் முழுமூச்சாக நடந்தது. கடைசியில் இரண்டு விரலில் வந்து இரண்டு பேரும் நின்றார்கள். ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"முடிஞ்சுருச்சு!" என்று கத்தினார்கள் தரகர்கள்.

துண்டுக்குள் முடிந்த பேரத்தை மாற்றிப் பேசினவன் அதற்கப்புறம் தேனிச் சந்தையில் ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்க முடியாது. வைகுண்டராஜ் புன்னகை மாறாமல் குனிந்தார். "என்ன முடிஞ்சது?" என்று ஒச்சாண்டியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"எம்மகளுக்கு உங்க பள்ளிக்கூடத்துல எடம்," என்றான் ஒச்சாண்டி, ஊருக்கே கேட்கும்படி. "ரெண்டுக்கு."

இரண்டு என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒரு வியாபாரி சொல்வதில்லை. "சரி, ரெண்டைக் கொண்டு வா," என்றார்.

மாட்டுத் தரகன் துண்டுக்குள் சொன்ன இரண்டு, இரண்டு மாடுதான். ஒச்சாண்டி மேடையிலிருந்து இறங்கித் தன் வண்டியிடம் போனான். நுகத்தை இறக்கினான். மயிலைக் காளைகள் இரண்டும் அவன் கையை நக்கின. சோடியாக வாங்கி, கன்றிலிருந்து வளர்த்தவை. ஆயிரம் மாட்டுக்குத் தரகு பேசியவன், இந்த இரண்டை விற்க ஒருநாளும் துண்டு போட்டதில்லை. சுப்புத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "போனா போகுது," என்றான் அவன். "எவன் பொய் படிச்சாலும் இவ உண்மைய படிச்சுச் சொல்லுவா. நஞ்சையும் போயி, காளையும் போயி, எழுத்தாவது வரட்டும்." கயிறுகளைக் கரஸ்பாண்டென்ட் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலை கதவு திறந்தது. ராஜாத்தி உள்ளே போனாள். கூடவே ஒச்சாண்டியும், எதற்கும் இருக்கட்டும் என்று. நீள நீளமாகத் துணி போர்த்திய பெஞ்சுகள். மாயக்காள் ஒன்றின் துணியை எடுத்தாள். ராஜாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் வார்னிஷ் வாசனை அடித்தது. மற்றப் பிள்ளைகள் எங்கே என்று ஒச்சாண்டி கேட்டதற்கு, "லீவு," என்றார் ஜேசுராஜ்.

கரஸ்பாண்டென்டும் தலைமையாசிரியரும் ஜன்னலோரம் நின்று குசுகுசுவென்று குழம்பினார்கள்.

"பாடம் நடத்துங்க சார்."

"நான் தலைமையாசிரியன் சார். பாடம் நடத்துவது ஆசிரியருடைய வேலை."

"ஆசிரியர் எங்க?"

"ஆசிரியர் வேலைக்கு ஒரு காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கிறேன். பெரிய பட்டியல்."

"ஒரு புள்ள உள்ள இருந்தா எடம் இருக்குன்னுல்ல ஆயிரும்? வரிசைல நிக்கிறவன் பூராம் மேல ஏறி வந்துருவானே!"

"அப்படியானால் அவளை வெளியே அனுப்ப வேண்டும் சார்."

"அனுப்ப முடியாதய்யா. துண்டு போட்டாச்சு."

இரண்டு பேரும் நெடுநேரம் தாடையைத் தடவினார்கள். பிறகு ஜேசுராஜின் முகத்தில் கல்வியின் ஒளி பரவியது. நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டித் தாளில் அழகாக ஏதோ எழுதி, அரக்கு முத்திரை வைத்து, எழுந்து நின்று பேசினார். "ராஜாத்தியின் காத்திருப்பு இந்தப் பள்ளியின் சரித்திரத்தில் ஈடில்லாதது. இவளுக்குக் கற்பிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆகவே இவள் படிப்பை முடித்துவிட்டாள். கங்கிராஜுலேஷன்ஸ்!"

காலையில் சேர்ந்தவள் மத்தியானத்துக்குள் தேறிவிட்டாள். மாயக்காள் பெஞ்சுக்கு மறுபடி துணி போர்த்தினாள். படி இறங்கும்போது ராஜாத்தி கேட்டாள். "எழுத்து எப்பப்பா?"

ஒச்சாண்டி முத்திரை வைத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது? இவர்கள் சொன்னதுதானா, வேறு ஏதாவதா? மகளிடம் நீட்டினான். அவள் அழகாக இருக்கிறது என்றாள். முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். மேலக்கரைப்பட்டியில் எழுத்து தெரிந்த ஆள் இப்போதும் ஒருவர்தான்.

நல்லகண்ணு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்த நஞ்சை விவகாரத்துக்குப் பிறகு அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். இந்தத் தடவை எழுதியிருந்ததை அப்படியே படித்தார். "'ராஜாத்தி என்னும் இம்மாணவி எழுதவும் வாசிக்கவும் ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்தாள்'னு எழுதியிருக்குப்பா."

"எம்மகளுக்கு ஒரு எழுத்தும் தெரியாதே."

"அது எனக்கும் தெரியுது. ஆனா இதுல இப்பிடித்தான் இருக்கு."

ஒச்சாண்டி பல்லைக் கடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக இவரிடம் இறங்கிப் போனான். "போகட்டும் சாரு. ஒங்க பள்ளிக்கூடத்துலயே சேத்துக்கங்க. ஒண்ணாங்கிளாசு போதும்."

நல்லகண்ணு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எப்பிடிப்பா சேக்குறது? படிச்சு முடிச்ச புள்ளைய ஒண்ணாங்கிளாசுல போட்டா இன்ஸ்பெக்டர் என்னையக் கேள்வி கேப்பாரு. முத்திரை வச்சுருக்காகளே! இந்தத் தாளு இருக்கிற வரைக்கும் இவள எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேக்க முடியாது."

திரும்பி நடக்கும்போது ஒச்சாண்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தான். அன்றைக்குக் கோர்ட்டு நோட்டீசைத் திருவிழாப் பத்திரிகை என்று படித்தவர் இவர். அதே கண்ணாடி, அதே துடைப்பு, அதே திருப்பு. இன்றைக்குப் பட்டம் என்கிறார். ஒரு எழுத்தும் தெரியாத பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று எவனாவது முத்திரை போட்டு எழுதுவானா? நடக்கிற காரியமா? அப்படியானால் இது பட்டம் இல்லை. முத்திரை இருக்கிறது. கெட்டித் தாளாக இருக்கிறது. சந்தேகமே இல்லை, இது கோர்ட்டு நோட்டீசு. இந்தத் தடவை வீட்டுக்கே குறி வைத்துவிட்டார்கள்.

"இந்தத் தடவ ஏமாற மாட்டேன்," என்றான் சுப்புத்தாயிடம்.

விடிவதற்கு முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். தேனியிலிருந்து ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த வண்டி வாசலில் மூக்கைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. இழுக்கக் காளை இல்லை. பெரியகுளம்வரைக்கும் நடந்தார்கள். கால் வலித்தபோது ராஜாத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கோர்ட்டு வாசலில் கூட்டம். சுவரில் பெரிய பலகை. அதில் அன்றைக்குக் கூப்பிடப் போகிறவர்களின் பெயர்கள் ஒட்டியிருந்தன. ஒச்சாண்டி சேவகன் காலில் விழாத குறையாகக் கேட்டான். "அய்யா, இதுல எம்பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கய்யா. போன தடவ கூப்புட்டப்ப நான் இல்ல."

சேவகன் அவன் நீட்டிய தாளை வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். பிறகு ராஜாத்தியைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"ஏன்யா, படிச்ச புள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டா எங்கிட்டக் கேக்குற? பலக அங்கனதான் இருக்கு. அவளையே வாசிக்கச் சொல்லு," என்று தாளை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒச்சாண்டி மகளைப் பார்த்தான். ராஜாத்தி பலகையை அண்ணாந்து பார்த்தாள். அப்பனுக்காக நெடுநேரம் பார்த்தாள். எழுத்துகள் எறும்புச் சாரை மாதிரி போய்க்கொண்டிருந்தன.

"எம்புட்டு நேரம்ப்பா நிக்கணும்?"

"கூப்புடுற வரைக்கும் ஆத்தா," என்றான் அவன்.

ராஜாத்தி தலையாட்டினாள். குதிகாலை ஒட்டி வைத்தாள். தாளோடு கைகளைப் பின்னால் கட்டினாள். முகவாயை நிமிர்த்தி, கோர்ட்டின் கதவைப் பார்த்தபடி நின்றாள். ஒரு ஈ வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது. அவள் அசையவில்லை.